துணையோடு வாங்க

அந்த அட்டை அச்சாகி வந்த அன்னிக்கு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பஃப்ஸும் டீயும் வாங்கிக் குடுத்தாங்க. நானும் தின்னேன். உள்ளங்கை அளவு அட்டை, வெளிர் பச்சை. மேல ரெண்டு நாற்காலி படம். கீழ, "துணையோடு வாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பாத்துடலாம்." அவ்வளவுதான். நோயோட பேரு கிடையாது, மண்டையோடு கிடையாது, உபதேசம் கிடையாது. இத்தனை வருஷமா புதுச்சேரி சுவத்துல எழுதி வெச்ச எல்லாத்தையும் விட இது மேல்னு எங்களை நாங்களே மெச்சிக்கிட்டோம்.

என் வேலையைச் சொன்னா பாதிப் பேரு பேச்சை மாத்திடுவாங்க. உடலுறவால பரவுற நோய்ங்களுக்கு ஜனங்க வெக்கப்படாம பரிசோதனைக்கு வரணும், வந்தவங்க மருந்தைப் பாதியில விடக்கூடாது, அதுக்கு என்ன சொன்னா வருவாங்க, எப்படிச் சொன்னா வருவாங்கன்னு யோசிச்சு பிரச்சாரம் தயார் பண்ற வேலை. நடத்தை மாற்ற அறிவியல்னு அதுக்குப் பேரு. பேரைக் கேட்டு மிரள வேணாம். மனுஷனைப் பயமுறுத்தினா ஓடிப் போயிடுவான். புத்தி சொன்னா கொட்டாவி விடுவான். வழியைச் சுலபமாக்கிக் குடுத்து, அக்கம்பக்கத்துல நாலு பேரு போறாங்கன்னு காட்டி, கூட ஒரு ஆளையும் சேத்துவிட்டா கிளம்பி வருவான். இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுல போயி படிச்சிருக்காங்க எங்க மேடம். நல்ல மனுஷி. எனக்கு அவங்க மேல கோபம் உண்டு, ஆனா கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கூட ஒரு ஆள்தான் விஷயமே. புருஷன் பொண்டாட்டியில ஒருத்தருக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பினா, போடாத ஆள்கிட்டேருந்து கிருமி திரும்ப வந்து ஒட்டிக்கும். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல உக்கார வெச்சாதான் ஆகும். அதுக்கு என்ன வார்த்தை போடறதுன்னு ஆபீஸ்ல பெரிய அடிதடி. கணவர்னு போட்டா கல்யாணம் ஆகாதவங்க, திருநங்கைங்க, சேந்து வாழறவங்க எல்லாரையும் வாசல்லயே நிறுத்தின மாதிரி ஆயிடும். பார்ட்னர்னா எந்தக் கடையிலன்னு கேப்பான். இணைன்னா தமிழ் வாத்தியாரு மட்டும்தான் வருவாரு. கடைசியில துணை வந்துச்சு. வாழ்க்கைத்துணைன்னு பத்திரிகையில எல்லாம் எழுதறாங்கல்ல, அந்தத் துணை. யாரையும் ஒதுக்காத அழகான வார்த்தை. அதை யாரு முதல்ல சொன்னதுன்னு கேட்டா இப்ப எங்கள்ல யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

சும்மா அச்சடிச்சுடல. பெரிய மார்க்கெட்ல பூக்காரம்மாங்க, மீன்காரம்மாங்க, மூட்டை தூக்கறவங்கன்னு எல்லார்கிட்டயும் அட்டையைக் காட்டி, புரியுதான்னு கேட்டோம். புரியுதுன்னாங்க. ஒரு மீன்காரம்மா, ரொம்ப நல்ல விஷயம்மா, இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் தனியா வர்றதுக்கு பயமாத்தான இருக்கும்னு வேற சொன்னாங்க. எங்களுக்குப் புல்லரிச்சுப் போச்சு. என்ன புரிஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்கல.

புதுச்சேரியிலயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையை ஒட்டி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல எங்க ரூமு. ஒரு டாக்டரம்மா வருவாங்க, ரத்தம் எடுக்க ஒருத்தர் இருப்பாரு, பேசறதுக்கு நானு. என் மேஜைக்கு முன்னாடி, அட்டையில போட்ட மாதிரியே ரெண்டு நாற்காலி. கம்பெனி கம்பெனியா அட்டையைக் குடுத்துட்டுக் காத்திருந்தோம். கூட்டம் வந்துச்சு பாருங்க, சும்மா சொல்லக்கூடாது. எல்லாரும் சொன்ன மாதிரியே துணையோடதான் வந்தாங்க. மாமியாரோட வந்தாங்க. நாத்தனாரோட வந்தாங்க. பக்கத்து வீட்டு அக்காவோட, கம்பெனியில கூட வேலை செய்யற பொண்ணோட வந்தாங்க. ஒரு ஆளு தன் பெரியப்பாவை அழைச்சிட்டு வந்திருந்தாரு. அந்தப் பெரியவரு வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு என் எதிர்ல உக்காந்து, சொல்லும்மா, பையனுக்கு என்னன்னு கேட்டாரு. அந்தப் பையன் மூஞ்சியை நான் என்னன்னு சொல்றது.

நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் தனியா போவாங்களா? பிரசவ வார்டுல துணைக்கு யாரு வந்திருக்கான்னு நர்ஸ் கூவறாங்களே, அந்தத் துணைதான் ஜனங்களுக்குத் துணை. இங்கயே பொறந்து வளந்து, தமிழ்லயே சண்டை போட்டு, தமிழ்லயே கனா காண்ற எங்க அத்தனை பேரு மண்டையிலயும் அது ஏறல. முதல்ல நாங்க யோசிச்சது இங்கிலீஷ்ல. அதுக்குத் தமிழ் தேடினோம், கிடைச்சதும் தேடறதை நிறுத்திட்டோம். நான் போன் பண்ணி மேடம்கிட்ட சொன்னேன். அவங்க, எத்தனை பேரு ஜோடியா வந்தாங்கன்னு கணக்கு நல்லா ஏறிட்டிருக்கே, ஆரம்பத்துல கொஞ்சம் குழப்பம் இருக்கத்தான் செய்யும், பாப்போம்னாங்க. படிவத்துல துணை வந்தாங்களான்னு கேள்வி. ஆமான்னு பதில். மாமியாரும் அதுல ஜோடிதான்.

அந்தப் பொண்ணு வந்தது அப்பதான். பாட்டில் மூடி செய்யற கம்பெனியில பேக்கிங்ல இருந்தா. சின்ன வயசு, அஞ்சு மாசம் வயித்துல. மாமியார் கூட வந்திருந்தாங்க. ஏரிப் பக்கத்து ஊரு அவங்களுக்கு, கொஞ்சம் நெலம் வெச்சு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடறவங்க. தங்கமான மனுஷி. மருமவளைப் படியில கையைப் பிடிச்சு ஏத்தி, நாற்காலியில உக்கார வெச்சு, முந்தானையால விசிறினாங்க. வேக வெச்ச மல்லாட்டை ஒரு பொட்டலம் எனக்கும் குடுத்தாங்க. இப்படி ஒரு மாமியாரு எல்லாருக்கும் வாய்க்காதுன்னு நெனைச்சேன்.

ரத்தத்துல சிபிலிஸ் இருந்துச்சு. பெரிய வியாதின்னு மிரள ஒண்ணுமில்ல, ஊசியில போயிடும். ஆனா வயித்துப் புள்ளைய அது சும்மா விடாது. புள்ளை செத்தே பொறக்கலாம், ஊனமா பொறக்கலாம். மாமியாரை வெச்சுக்கிட்டு இதைப் பேச முடியுமா? வெளிய உக்காருங்கன்னா, மாசமா இருக்கிறவளைத் தனியா விடமாட்டேன், அட்டையிலயே போட்டிருக்கேன்னு அசையவே இல்ல. அப்புறம் டாக்டரம்மா, உங்களுக்கும் பிரஷர் பாத்துடறேன் வாங்கன்னு அடுத்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்த இடைவெளியில சொன்னேன். அவ அழல. மூடியிருந்த கதவையே பாத்துக்கிட்டிருந்தா.

அவளுக்குப் புருஷனைத் தவிர வேற வழியில வர வாய்ப்பே இல்ல, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா முதல்ல யாரு ரத்தத்துல கண்டுபிடிச்சாங்களோ அவங்கதான் கொண்டாந்தவங்கன்னு ஊரு முடிவு பண்ணிடும். அவரையும் அழைச்சிட்டு வா, அவருக்கும் ஊசி போட்டாதான் உனக்குப் போட்டது நிக்கும்னு சொன்னேன். அப்ப அவ சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"அட்டையில புருஷன்னு போட்டிருந்தா அத்தைகிட்ட காட்டியிருப்பேன்க்கா. எல்லாருக்கும் இதான் ரூலுன்னு சொல்லியிருப்பேன். இப்பதான் துணைக்கு அத்தை வந்துட்டாங்களே, அதுக்கு மேல அவரை எதுக்கு வரச் சொல்றேன்னு சொல்லட்டும்?"

அவளுக்கு மறைஞ்சுக்க ஒரு திரை வேணும். அந்தத் திரையை எங்க அட்டை குடுத்திருக்கணும், அதுக்குத்தான் அத்தனை அறிவியலும். அதைக் கிழிச்சதே எங்க அட்டை. நான் வேணா அவருக்குப் போன் பண்ணி பேசட்டுமான்னு கேட்டேன். வேணவே வேணாம், சொன்னீங்கன்னா என்னைத் தொரத்திடுவாங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ சம்மதம் இல்லாம நாங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கக்கூடாது. அது சட்டமும் கூட, நியாயமும் கூட. ரத்தம் கம்மியா இருக்குன்னு மாமியார்கிட்ட சொல்லிட்டு ஊசி போட்டோம். கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் படுன்னு டாக்டரம்மா அவ காதோட சொன்னாங்க. அவ சிரிச்சா, சிரிப்பா அது. மாமியார் பாக்காதப்ப ஆணுறை குடுத்தேன். மாசமா இருக்கிறவளுக்கு இது எதுக்குன்னு கேப்பாரேக்கான்னு திருப்பி என் மேஜையிலயே வெச்சுட்டா. நியாயமான கேள்வி. எங்க அறிவியல்ல அதுக்குப் பதில் இல்ல.

அன்னிக்கே ஆபீஸுக்குப் போயி கத்தினேன். மேடம் முழுசா கேட்டாங்க, அவங்க முகம் செத்துப் போச்சு. மாத்திடலாம்னு உடனே ஒத்துக்கிட்டாங்க. ஆனா மாத்தறதுன்னா லேசா? அட்டைக்கு அனுமதி குடுத்தவங்க வேற, அச்சடிக்கறவங்க வேற. இந்தத் தடவை ஒழுங்கா ஜனங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போடணும், அவசரத்துல இன்னொரு தப்பு பண்ணிடக்கூடாதுன்னாங்க. அது சரியான பேச்சு, அதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு. மறுபடி வார்த்தை தேடினோம். கணவர்னா பழைய சிக்கல் அப்படியே இருக்கு. வீட்டுக்காரர்னு போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. வாடகை வீட்டுல இருக்கிறவங்க ஹவுஸ் ஓனரை இழுத்துட்டு வந்துடுவாங்கன்னு இன்னொருத்தர் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

"அவ வயித்துல இருக்கிறது உங்க கமிட்டி கூடற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது"ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

வந்ததும் நானே ஒரு வேலை பண்ணேன். ஒரு அட்டையில துணைன்னு இருந்த இடத்துல வெள்ளை ஒட்டி, பேனாவால கணவர்னு எழுதினேன். எழுத்து அச்சு மாதிரி வரட்டும்னு ஸ்கேல் வெச்சு எழுதினேன், பைத்தியக்காரி மாதிரி. அடுத்த தடவை அவ வந்தப்ப கையில குடுத்தேன். அதை அவ புடவை மடிப்புல சொருகிக்கிட்டப்ப முகத்துல கொஞ்சம் தெம்பு தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் வந்தப்ப மாமியாரே அந்த அட்டையை எடுத்து என் மேஜை மேல வெச்சாங்க. பக்கத்துலயே பக்கத்து வீட்டுப் பொண்ணோட அட்டை. ஒண்ணுல துணை, ஒண்ணுல கணவர்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் துணை, எம் மருமவளுக்கு மட்டும் புருஷனா? இவளுக்கு என்ன வந்துச்சு?"

புதுசா ரூல் மாத்தியிருக்கோம்னு பொய் சொன்னேன். அப்ப இதுலயும் மாத்திக் குடுன்னு பக்கத்து வீட்டு அட்டையைத் தள்ளினாங்க. அதுலயும் எழுதிக் குடுத்தேன். அவங்க ரெண்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. படிச்சவ எழுதினதை நம்பாம இருக்க அவங்களுக்கு மனசு வரல, நம்பவும் முடியல. கடைசியில, அவன் வேலைக்குப் போற புள்ளைம்மா, டூரிஸ்ட் சீசன்ல லீவு போட்டா ஆளை மாத்திடுவாங்க, நான்தான் இருக்கேன்ல, நான் வர்றேன்னாங்க. ஒருத்தர் மேல அன்பா இருக்கிறவங்களை எதிர்த்து எப்படிப் பேசறது? அந்தப் பொண்ணு தலை நிமிரவே இல்ல. அன்னிக்கு எடுத்த ரத்தத்துல, போன தடவை குறைஞ்சிருந்த கிருமி திரும்ப ஏறியிருந்துச்சு. புருஷன்கிட்டேருந்து மறுபடி ஒட்டியிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மறுபடி ஊசி. போறப்ப அவ என் காதுகிட்ட, இனிமே அட்டையில எதுவும் எழுதாதீங்கக்கா, வீட்டுல ஒரு மாதிரி பாக்கறாங்கன்னு சொல்லிட்டுப் போனா.

அவ புருஷனுக்கு நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல வேலை. ஆத்து வழியா பாரடைஸ் பீச்சுக்கு ஜனங்களை ஏத்திட்டுப் போயி இறக்கறது. அவ போன்ல படம் காட்டியிருந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை நான் அங்க போனேன். எதுக்குப் போனேன்னு எனக்கே சொல்லத் தெரியல. டிக்கெட் வாங்கி, வரிசையில நின்னு, ரெண்டு போட்டை விட்டுட்டு அவன் போட்லயே ஏறினேன். பாவி, நல்ல பையனா இருந்தான். குழந்தைங்களுக்கு மிதவைச் சட்டையைத் தானே மாட்டிவிட்டான். என்கிட்ட வந்து, அக்கா, இந்த வாரை இழுத்துக் கட்டிக்குங்க, லூசா இருக்குன்னு சொல்லி அவனே கட்டினான். அவ்வளவு கிட்ட இருந்தான். தம்பி, ஒரு ஊசி போட்டுக்கப்பான்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எதுக்குன்னு கேப்பான். யாரு சொன்னதுன்னு கேப்பான். வீட்டுல போயி அவளைக் கேப்பான். கரையோரத்து மரங்களைப் பாத்துக்கிட்டே போனேன். திரும்பறப்பவும் அவன் போட்டுதான். இறங்கும்போது, நல்லா இருந்துச்சாக்கான்னு கேட்டான். நல்லா இருந்துச்சுப்பான்னேன்.

வேற என்னதான் பண்ணலாம்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். போட் ஹவுஸ்ல வேலை செய்யற எல்லாருக்கும் பொதுவா ஒரு முகாம் போட்டா, சுகர், பிரஷரோட இதுக்கும் விருப்பப்பட்டவங்க ரத்தம் குடுக்கலாம்னு சொன்னா, அவனும் நாலு பேரோட ஒருத்தனா வந்துடுவான். யாரும் யாரையும் கை காட்ட வேணாம். மேடம் உடனே சரின்னாங்க, அவங்களும் தூங்காமதான் இருந்தாங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. அனுமதி கேட்டு போட் ஹவுஸ் ஆபீஸுக்கு நடையா நடந்தோம். இந்த சீசன் முடியட்டும், கூட்டம் குறையட்டும்னு சொல்லிட்டாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. யாருக்காகன்னு நான் அவங்ககிட்ட சொல்லவா முடியும்? யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாத விஷயம் இருக்கே, அது மாதிரி ஆளைக் கொல்றது எதுவும் இல்ல.

அப்புறம் அவ வர்றது நின்னு போச்சு. வயிறு பெருசாயிடுச்சு, பஸ்ஸு தூக்கிப் போடுது, வேலையையும் நிறுத்திட்டோம்னு மாமியார் போன்ல சொன்னாங்க. அவளைக் கூப்பிடுங்கன்னா தூங்கறாம்மான்னாங்க. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். எப்பவும் தூங்கிக்கிட்டுதான் இருந்தா. டாக்டரம்மா, அவ முன்னமே சம்மதிச்சிருந்தபடி, அவ பிரசவம் பாக்கப்போற ஆஸ்பத்திரி டாக்டருக்கு எல்லாத்தையும் சொல்லி வெச்சாங்க. எங்களால முடிஞ்சது அவ்வளவுதான்.

புது அட்டை வந்துச்சு. ரெண்டு விதமா போட்டிருந்தோம். ஒண்ணுல, "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணும், எல்லாருக்கும் இதான் முறை"ன்னு கொட்டை எழுத்துல. மத்தவங்களுக்கு வேற வாசகம். இந்தத் தடவை மார்க்கெட்ல, இதைப் பாத்தா நீங்க யாரைக் கூட்டிட்டு வருவீங்கன்னு கேட்டோம். என் புருஷனைத்தான், வேற யாரைன்னு சிரிச்சாங்க. அவ்வளவு சுலபமான கேள்வி. கட்டுக்கட்டா வந்ததுல ஒரு கட்டை எடுத்துக்கிட்டு, எப்படியாச்சும் அவ ஊருக்கே போயி தெருவுல எல்லா வீட்டுக்கும் குடுத்துடணும்னு பையில வெச்சுக்கிட்டேன். எல்லா வீட்டுக்கும் குடுத்தா அவ வீட்டுக்கும் குடுத்த மாதிரி ஆச்சுல்ல. கிளம்பற நேரத்துல அவ கூட வேலை செஞ்ச பொண்ணு போன் பண்ணா. எட்டாம் மாசமே வலி எடுத்துடுச்சு, காலையிலயே கொண்டு போயிட்டாங்கன்னு சொன்னா.

ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆம்பளைங்களை உள்ள விடல, புருஷன் வெளிய படியில உக்காந்திருந்தான். என்னைப் பாத்தான், எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு யோசிச்சான், அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். உள்ள போனேன். கேக்கவே வேண்டியதில்ல. வராண்டா பெஞ்சுல மாமியார் உக்காந்திருந்தாங்க. மடியில துவைச்சு மடிச்ச பழைய வேட்டித் துணி, குழந்தையைச் சுத்தறதுக்குன்னு கொண்டாந்தது. அது அப்படியே மடிப்புக் கலையாம இருந்துச்சு.

புள்ளை செத்தே பொறந்திருந்துச்சு. பொண்ணு புள்ளை. மருமவ உள்ள மயக்கத்துல இருக்கா, உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு அவங்கதான் எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி சொன்னாங்க. நான் பக்கத்துல உக்காந்தேன். அவங்க என் கையை எடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. மல்லாட்டை உரிச்சு உரிச்சுக் காச்சுப்போன விரலு.

"நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு. ஒரு தடவை கூட அவளைத் தனியா அனுப்பலியேம்மா. எங்க போனாலும் கூடவே போனேன். ஊசி போடறப்ப எல்லாம் நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இதுக்கு மேல நான் என்னம்மா செஞ்சிருக்கணும்?"

அவங்க பதிலுக்காக என் முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பதில் எனக்குத் தெரியும். உள்ள படுத்திருக்கிறவ சம்மதிக்காம அதை நான் சொல்லக்கூடாது. நீங்க செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லம்மான்னு சொன்னேன். அதை அவங்க ஆறுதல்னு எடுத்துக்கிட்டு, என் தோள்ல சாஞ்சு அழ ஆரம்பிச்சாங்க.